பனங்காடைக்கு மொட்டைப் பனை, முயலுக்குப் புதர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு சிறுவர் பக்கத்தில் இரண்டு தவறு இருந்தது. பனங்காடை படத்துக்குக் கீழே ‘ப்ளூ ஜே’ என்று போட்டிருந்தீர்கள். அது வெள்ளைக்காரர்கள் வைத்துவிட்டுப் போன பெயர். உண்மையான ஜே பறவை காக்கைக் குடும்பம், பனங்காடைக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தெலங்கானாவும் ஒடிசாவும் கர்நாடகமும் இதை மாநிலப் பறவையாகவே வைத்திருக்கின்றன, நாமாவது பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டாமா? அப்புறம், காட்டு முயல் வளை தோண்டிக் குட்டி போடும் என்று இருந்தது. நம் பக்கத்து முயல், பிடரியில் கருப்பு உள்ளதே அது, வளை தோண்டாது. புல்லுக்குள் உடம்பு அளவுக்கு ஒரு சின்னப் பள்ளம், அவ்வளவுதான்.

சாயல்குடிப் பக்கம் எங்கள் பனங்காட்டில் இரண்டும் உண்டு. சித்திரை மாதம் விடிகாலையில் பதனி இறக்கப் போகும்போது பட்டுப்போன மொட்டைப் பனைப் பொந்திலிருந்து பனங்காடை வெளியே வரும். உட்கார்ந்திருக்கும்போது தவிட்டு நிறமாகத் தெரிகிற பறவை, சிறகை விரித்ததும் அப்படி ஒரு நீலம். அதன் குஞ்சு கண் திறக்காமல், உடம்பில் ஒரு தூவிகூட இல்லாமல் பொரியும், அதனால் பொந்து இல்லாமல் ஆகாது. முயல்குட்டி அப்படியில்லை, ரோமத்தோடு கண் திறந்தே பிறக்கும். புதர் மறைவில் அசையாமல் கிடக்கும், தாய் பகலில் கிட்டவே வராது, இருட்டிய பிறகு வந்து பால் கொடுத்துவிட்டுப் போகும். இது தெரியாமல் போன வருஷம் எங்கள் தெருப் பையன்கள் ஒரு குட்டியைத் தாயில்லாப் பிள்ளை என்று தூக்கி வந்து பசும்பால் புகட்டினார்கள். மூன்றாம் நாள் செத்துவிட்டது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுதான், காது இரண்டும் முதுகோடு ஒட்டிக் கிடந்தன.

பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. ஆனால் மொட்டைப் பனையை யாரும் மரமாகவே மதிப்பதில்லை, செங்கல் சூளைக்கு ஏற்றிவிடுகிறார்கள். முயலை ராத்திரியில் ஹெட்லைட் அடித்துப் பிடிக்கிறார்கள், 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்று தெரிந்துதான் செய்கிறார்கள். தோட்டத்துக்கு ஒரு மொட்டைப் பனையையாவது விட்டுவையுங்கள் என்று பனங்காட்டுக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற ஞாயிறு திருத்தம் போடும்போது, முயல்குட்டியைக் கண்டால் தொடாமல் வந்துவிட வேண்டும் என்ற வரியையும் சேர்த்துப் போடுங்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சாயல்குடி