அப்பா அங்கேயே இருக்கட்டும், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் 31ஆம் நாள் திருப்பலி நிறைவாக நடந்தது. அன்றிரவு உறவினர் குழுவில் நீங்கள் இட்ட குரல் பதிவையும் கேட்டேன். கோவிட்டால் இறந்து ஓட்டமாவடியில் அடக்கமான அப்பாவை அங்கிருந்து எடுத்து வந்து நம் பங்குச் சேமக்காலையில் அம்மாவின் பக்கத்தில் வைக்க வேண்டும், செலவு முழுவதையும் நீங்கள் ஏற்பீர்கள், கந்தோர் கந்தோராக ஏறி அனுமதி எடுப்பது மட்டும் என் பொறுப்பு என்று சொல்லியிருந்தீர்கள். அந்தப் பொறுப்பை நான் ஏற்கமாட்டேன். கோபத்தில் எடுத்த முடிவு அல்ல இது. அம்மா படுக்கையில் இருந்த காலம் முழுவதும் யோசித்து எடுத்தது.

உங்கள் பதிவைக் கேட்ட மாமி அழைத்து, பெற்ற தகப்பனுக்கு ஒரு கல்லறை கட்டுவதற்கும் பஞ்சிப்படுகிறாயா என்று என்னிடம் கேட்டார். அதனால் என் பதிலையும் நாலு பேர் வாசிக்கும் இடத்திலேயே எழுதுகிறேன். ஆனால் 2019இல் உங்களுக்கு நேர்ந்த எதையும் இங்கே எழுதப் போவதில்லை. அந்த உயிர்த்த ஞாயிறன்று, குண்டு வெடித்த சீயோன் தேவாலயத்துக்குப் போனவர்களில் உங்களுக்கு யார் இருந்தார் என்பது நமக்குத் தெரியும். அது உங்களுடைய துக்கம். அந்நியர் முன்னால் அதை விரித்து வைக்க எனக்கு உரிமை இல்லை. முஸ்லிம் ஊரான காத்தான்குடி வழியாகப் போகும் பேருந்தில் நீங்கள் ஏறாமல் இருந்ததையும், பின்னர் இந்த ஊரையே விட்டுப் போனதையும் நான் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. அப்பா அந்த மண்ணில், முஸ்லிம்கள் நடுவில் கிடக்கிறார் என்பதை உங்களால் தாங்க முடியவில்லை என்பதும் எனக்கு விளங்குகிறது.

தகனம் செய்து சாம்பலைக் கொண்டுவந்திருக்கலாமே என்கிறீர்கள். திருச்சபை 1963இலேயே தகனத்துக்கு இடம் கொடுத்துவிட்டது என்ற உங்கள் வாதத்தை நான் மறுக்கவில்லை. சாம்பலைத் தூவாமல், வீட்டிலும் வைத்திருக்காமல் புனிதமான இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் வத்திக்கான் வெளியிட்ட அறிவுறுத்தலை எனக்கு அனுப்பியதும் நீங்கள்தான். சட்டப்படி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அப்பா என்ன நினைத்தார் என்பது உங்களுக்கு முழுவதும் தெரியாது. 2020 ஏப்ரலில் கோவிட்டால் இறந்தவர்கள் எல்லோரையும் எரிக்கவே வேண்டும் என்று அரசாங்கம் விதித்தபோது அவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அந்த டிசம்பரில், பிறந்து 20 நாள் மட்டுமே ஆன முஸ்லிம் குழந்தையைப் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகக் கொழும்பில் எரித்த செய்தி வந்தது. பொரளை மயானத்து வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். நம் படலையிலும் ஒரு வெள்ளைத் துணி கட்டப்பட்டிருந்ததை நீங்கள் காணொளி அழைப்பில் பார்த்து யார் செய்த வேலை என்று கேட்டீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று அம்மா சமாளித்தார். அப்பாதான் கட்டினார், அக்கா. உங்கள் மனம் நோகும் என்று தெரிந்தும் கட்டினார். உங்கள் மனம் நோகக்கூடாது என்றே மறைத்தார்.

2021 பெப்ரவரியில் அந்த விதி தளர்ந்தது. மார்ச்சில் நம் மாவட்டத்திலேயே, ஓட்டமாவடிக்கு உள்ளே மஜ்மா நகரில் புதைக்கத் தொடங்கினார்கள். ஓர் ஆண்டு முடிவதற்குள் 3,000க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டார்கள். மிகப் பெரும்பாலானோர் முஸ்லிம்கள்; மற்றச் சமயத்தவர்களும் இருக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் நாடு முழுவதும் மூடிக்கிடந்த நேரத்தில் அப்பா போனார். எரிப்பதா, மஜ்மா நகரா என்ற இரண்டு வழிகளே எனக்கு இருந்தன. மூச்சு விட முடிந்த கடைசி நாட்களில் அவர், “என்னை மண்ணில வை” என்று மட்டும் சொல்லியிருந்தார். பங்குச் சுவாமியால் வர முடியவில்லை. பாதுகாப்பு உடை அணிந்த முஸ்லிம் இளைஞர்கள் பெட்டியை இறக்கினார்கள். அவர்களில் ஒருவர், “உங்கட முறையில ஓதுறதை ஓதுங்க, நாங்க நிக்கிறம்” என்றார். நான் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்லி முடிக்கும் வரை அவர்கள் அந்த வெயிலில் அசையாமல் நின்றார்கள். இதை முன்பே உங்களிடம் சொல்லியிருக்கிறேன். நீங்கள் அழைப்பைத் துண்டித்தீர்கள்.

2022இல் நாட்டுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஏப்ரல் 12 அன்று கடனைக் கட்ட முடியாது என்று அரசாங்கம் அறிவித்ததும் யூலையில் ஜனாதிபதி நாட்டை விட்டு ஓடியதும் ரொறன்ரோவிலும் செய்தியாகத்தான் இருந்திருக்கும். நம் வீட்டுக்குள் நடந்ததை நான் சொல்லவில்லை, அம்மா சொல்ல விடவும் இல்லை. படுவான்கரை வயலில், இரசாயனப் பசளைத் தடைக்குப் பிறகு வந்த பெரும்போகத்தில் வழக்கமாகக் கிடைக்கும் நெல்லில் பாதிகூடக் கிடைக்கவில்லை. எரிவாயு இல்லாமல் அம்மா தென்னம்பாளையிலும் மட்டையிலும் சமைத்தார். பெற்றோல் இல்லாததால் நான் காத்தான்குடி, ஆரையம்பதி வழியாக மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலைக்குச் சைக்கிளில் வேலைக்குப் போய் வந்தேன். வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று வெள்ளிக்கிழமைகளில் அரச ஊழியர்களுக்கு விடுமுறை கொடுத்தார்கள். கிணற்றடியில் மரவள்ளி நட்டோம். பங்கின் அயல்வீட்டுக் குடும்பங்கள் செபத்துக்குக் கூடும் அன்பியத்தில் யாரிடம் எது இருக்கிறதோ, ஒரு சுண்டு அரிசியோ அரை மூடித் தேங்காயோ, அதைக் கொண்டுவந்து ஒரே பானையில் கஞ்சி காய்ச்சிக் குடித்தோம். செபமாலைக்கு வந்த கூட்டத்தில் பாதி கஞ்சிக்கும் வந்தது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நீங்கள் பணம் அனுப்பினீர்கள். அதை நான் மறக்கவில்லை, என் பிள்ளைகளும் மறக்கமாட்டார்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாவுக்கு ஏறியது. ஆகவே உங்கள் பணம் இங்கே ரூபாவாகப் பெருகியே வந்து சேர்ந்தது. வாங்குவதற்குத்தான் பொருள் இருக்கவில்லை. மாமாவுக்கு நீங்கள் எழுதியதையும் எனக்குக் காட்டினார்கள். இவ்வளவு அனுப்பியும் அம்மா ஏன் மெலிந்து போனார், காசு எங்கே போகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்விக்கு அப்போது நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் கல்லறைக்குப் போகவேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார். மோட்டார் சைக்கிளுக்கு எரிபொருள் பங்கீட்டுக் கியூஆர் முறையில் வாரத்துக்கு 4 லீற்றர் கிடைத்தது. ஆனால் அவருடைய முழங்காலோடு அத்தனை தூரம் பின்னால் இருந்து வர முடியாது. காலை ரயிலில் வாழைச்சேனைக்குப் போனோம். நிலையத்துக்கு வெளியே நின்ற முச்சக்கரவண்டிக்காரர், வாரத்துக்குத் தனக்குக் கிடைக்கும் 5 லீற்றரில் மிஞ்சியிருந்ததைக் கொண்டு எங்களை உள்ளே கூட்டிச் சென்றார். வழமையான கூலிக்கு மேல் ஒரு சதமும் அவர் கேட்கவில்லை.

அந்த இடத்தை நீங்கள் படத்தில்கூடப் பார்க்க மறுத்தீர்கள். நீளநீளமாக வரிசைகள், எங்கும் ஒரே மாதிரியான மண்மேடுகள், பணக்காரர், ஏழை என்று பிரித்தறிய வழியே இல்லை. அம்மா முக்காட்டை இழுத்துவிட்டு, அப்பாவின் தலைமாட்டில் முழந்தாளிட முடியாமல் மண்ணிலேயே அமர்ந்து, துக்க தேவ இரகசியங்களைத் தொடங்கினார். மூன்றாவது இரகசியத்தில் அவருடைய குரல் குழறியது. வியர்வை ஆறாக ஓடியது. என்னைப் பார்த்து அப்பாவின் பெயரைச் சொல்லி அழைத்தார். பிறகு அப்படியே என் மடியில் சரிந்தார்.

சீனி இறங்கிவிட்டது, அக்கா. காலையில் குளிசையைப் போட்டிருக்கிறார், சாப்பிடவில்லை. தான் சாப்பிட்டுவிட்டதாக எங்களுக்குச் சொல்லி, தன் பங்குப் பாணைச் சின்னவனின் கோப்பையில் வைத்திருக்கிறார். அன்று மட்டும் அல்ல, மாதக்கணக்காக அப்படித்தான் செய்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. சாப்பாட்டுக்கு முன் நன்றிச் செபத்தை எப்போதும் அவரே சொல்லுவார், எல்லோருக்கும் போட்டு முடித்துத் தனக்குக் கடைசியாக எடுப்பார்; அதனால் ஒருவரும் கவனிக்கவில்லை. அவர் மெலிந்ததன் கணக்கு இதுதான். மாமாவிடமும் சொல்லிவிடுங்கள்.

இரண்டு மேடு தள்ளி ஒரு குடும்பம் துஆ ஓதிக்கொண்டிருந்தது. கொழும்பில் இருந்து இரவு ரயிலில் வந்தவர்கள். அந்தப் பெண் ஓதுவதைப் பாதியில் விட்டு ஓடிவந்தார். பையில் இருந்த பேரீச்சம்பழத்தைப் பிய்த்துத் தன் விரலாலேயே அம்மாவின் கன்னத்துக்குள் வைத்தார். சுடுதண்ணீர்ப் போத்தலில் வைத்திருந்த இனிப்புத் தேநீரை மூடியில் ஊற்றி, “அம்மா, இதக் குடிங்க, மெல்ல மெல்லக் குடிங்க” என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பருக்கினார். அவருடைய மகன் தன் தொப்பியால் அம்மாவுக்கு விசிறினான். சீனி கிடைக்காத காலம் அது. தங்களுடைய பயணத்துக்கென்று கட்டிக்கொண்டு வந்ததை எல்லாம் எங்களுக்குத் தந்துவிட்டு, திரும்பும் வழியில் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று இன்றுவரை நினைத்துப் பார்க்கிறேன். அம்மாவுக்கு நினைவு தெளிந்ததும் அந்தப் பெண், தன் கணவர் கிடக்கும் மேட்டைக் காட்டினார். அம்மா எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு அங்கே போய், விட்ட இடத்தில் இருந்து செபமாலையைத் தொடர்ந்து அந்த மனிதருக்காகவும் ஒப்புக்கொடுத்தார். அந்தப் பெண் வந்து அப்பாவின் மேட்டருகே கைகளை ஏந்தி நின்றார். நான் இருவருக்கும் நடுவில் நின்றேன்.

திரும்பி வரும்போது ரயிலில், “அவருக்கு இஞ்ச அயலட்டை இருக்கு மகன்” என்றார் அம்மா. அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அவர் எதையும் எழுதி வைக்கவும் இல்லை. நீங்கள் நம்பாவிட்டால் அதை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் கிடையாது.

அம்மா மயங்கியதை உங்களுக்குச் சொல்லாததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். பிள்ளை அங்கே தனிய இருந்து அழும் என்றார். சொல்லியிருந்தால் நீங்கள் கடன்பட்டாவது வந்திருப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது பாடசாலைக்குப் போகாமல் இரவும் பகலும் என் கட்டிலடியில் இருந்த அக்கா நீங்கள். அதனால்தான், குரல் பதிவின் நடுவில் நீங்கள் சொன்ன அந்த ஒரு வசனம் என்னை இவ்வளவுக்கு வெட்டியது. அப்பாவை அநாதைப் பிணமாகப் போட்டுவிட்டு வந்தேன் என்றீர்கள். அவருக்குச் சளி எடுத்தவன் நான். அவருடைய பெட்டிக்குப் பின்னால் போனவன் நான். அந்த நேரம் விமான நிலையங்கள் மீதும் ஊரடங்கு மீதும் உங்களுக்கு இருந்த கோபத்தை என் மீது இறக்கினீர்கள். அன்று பொறுத்தேன், அம்மா இருந்தார். இப்போது பொறுக்கமாட்டேன். அந்த வசனத்தை எங்கே சொன்னீர்களோ அங்கேயே திரும்பப் பெறுங்கள்.

பெற்றோர் இருவரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்ற உங்கள் ஆசையில் தவறு இல்லை. நவம்பர் 2ஆம் திகதி எல்லோரும் தங்கள் தங்கள் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும்போது எனக்கும் அது குறையாகத்தான் இருக்கும். அதற்காக, நிலத்தில் அமர்ந்துவிட்ட ஒருவரை, உறவினர் வாயை மூடுவதற்கென்று, எலும்பாகக் கிளறி எடுத்துக்கொண்டு அதே பாதையால் வர என்னால் முடியாது.

டிசம்பரில் வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வந்தால் வாழைச்சேனைக்கு நானே கூட்டிச் செல்வேன். வாசலுக்கு வெளியே நிற்பதானாலும் நில்லுங்கள். உள்ளே வரும்படி கேட்கமாட்டேன். வர மனமில்லை என்றால் நத்தாருக்கு வீட்டில் இருங்கள், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அம்மாவின் கல்லுக்கு வேதாகம வசனம் ஒன்றை நீங்களே தெரிவு செய்து அனுப்புங்கள். கொத்துபவர் இந்த மாத முடிவுக்குள் கேட்கிறார். கல்லின் அளவைக் குறைத்துவிட்டேன். அப்பாவின் பெயருக்கு அதில் இடம் விடவில்லை.

அன்புடன்,
உங்கள் தம்பி
மட்டக்களப்பு