59 கொடுப்பதற்கு முன் கொஞ்சம் காது கொடுங்கள்

ஹாம் ரேடியோ நண்பர்களே, இன்று காலை 40 மீட்டர் அலைவரிசையில் ஒருவர் எனக்கு "59, அருமையான சிக்னல்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சிலேயே மூன்றாவது தடவையாக என் பெயரைக் கேட்டார். புது ஆன்டெனா கட்டியிருக்கிறேன், சோதிக்கத்தான் வந்தேன், அந்த 59-ஐ வைத்து நான் என்ன செய்வது?

59 மாதிரி சிக்னல் ரிப்போர்ட்டில் முதல் எண் பேச்சு எவ்வளவு புரிகிறது என்பது, 1 முதல் 5 வரை. இரண்டாவது சிக்னலின் பலம், 1 முதல் 9 வரை. இரண்டும் வேறு வேறு. ரேடியோவின் சிக்னல் மீட்டர் 9-இல் நின்றாலும், பக்கத்து ஸ்டேஷனின் குறுக்கீட்டில் பாதி வார்த்தை போய்விட்டால் 39 தான். மீட்டர் லேசாக அசைந்தாலும் எல்லாம் புரிந்தால் 53 என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு எஸ் அலகு (பலத்தின் ஒரு எண்) என்பது 6 டெசிபல், அதாவது அனுப்புகிற 100 வாட்டை 25 ஆக இறக்கினால்தான் ஒரு அலகு குறையும் (கணக்கு அப்படி, நம் ரேடியோ மீட்டர்கள் இஷ்டத்துக்கு ஆடும்).

அப்புறம், ரிப்பீட்டரில் (நம் சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) மீட்டர் காட்டுவது ரிப்பீட்டரின் பலத்தைத்தான், பேசுகிறவருடையதை அல்ல. அங்கே "தெளிவு", "பின்னால் இரைச்சல்", "விட்டு விட்டு வருகிறது" என்று சொன்னாலே போதும். போட்டிகளில் எல்லாருக்கும் 59 போடுவது வேறு கதை, அதற்கு நான் வரவில்லை.

நாளை காலை நெட்டில் (குறித்த நேரத்தில் எல்லாரும் ரேடியோவில் கூடிப் பேசுவது) எனக்கு 43 என்றாலும் சரி, ஆடியோ கரகரத்தால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.