மைக்செட் அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ளவர்களுக்கு,

சனிக்கிழமை சாயங்காலம் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் அங்கேயே இருந்தீர்கள், மீதிப் பேர் போனில் விசாரித்துவிட்டீர்கள். அதனால் அந்தக் கதைக்குள் மறுபடி போகவில்லை. கரண்ட் போய் மைக் ஓடாவிட்டாலும், நான் ஏற்பாடு செய்திருந்த கர்நாடக இசைக் கச்சேரி நடந்தது. இரண்டு நாளாகியும் எனக்குப் படபடப்பு அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதினால் சொல்ல வேண்டியதில் பாதி விட்டுப்போகும் என்றுதான் இப்போதே உட்கார்ந்துவிட்டேன்.

மைக் இல்லாமல் இரண்டு மணி நேரம் பாடிய பாடகிக்கும், அவர் குரலை மூடிவிடாமல் அடக்கி வாசித்த வயலின், மிருதங்கக் கலைஞர்களுக்கும் நன்றி. எதிர்வீட்டிலிருந்து ஜமுக்காளங்களைத் தூக்கி வந்தவர்களுக்கும், செல்போன் விளக்கைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும், மாணவர்களைப் பாதியில் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடாத ஆசிரியர்களுக்கும் நன்றி. ஒவ்வொருவரைப் பற்றியும் தனியாகவே எழுதலாம். ஆனால் இந்த மடலை எழுதவைத்தவர் மைக்செட் அண்ணன்.

அவர் வயரைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டோம். நான் படிக்கட்டில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார்.

"கரண்ட்தானே தம்பி போச்சு? அவங்க தொண்டை நல்லாத்தானே இருக்கு? சேரையெல்லாம் எடுத்துட்டு சனங்களைக் கிட்ட வரச் சொல்லுங்க. அவங்களையும் மேடையை விட்டு இறங்கி வரச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முதல் வரிசை நாற்காலிகளை அவரே மடக்க ஆரம்பித்துவிட்டார். கால்மணி நேரத்தில் அத்தனை பேரும் தரையில், பாடகியைச் சுற்றி அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள்.

அப்புறம் நடந்தது நான் எதிர்பார்க்காதது. மிருதங்கக்காரர் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து இடது பக்கத்தில் அப்பிக்கொண்டிருந்தார். எதிரே இருந்த பையன் "அது உப்புமா ரவையா?" என்று கேட்டுவிட்டான். "அதேதான்" என்று சொன்னவர், பிசைந்ததை வழித்து எடுத்துவிட்டு ஒரு தட்டுத் தட்டினார். வெறும் சத்தம். திரும்ப அப்பிவிட்டுத் தட்டினார். 'தொம்' என்று இறங்கியது அது. பையன் தன் வயிற்றில் கையை வைத்துக்கொண்டான். அடுத்து இரண்டு சிறுமிகள் தம்புராவின் குடத்தில் காது வைத்துக் கேட்டார்கள். தந்திக்கும், அதைத் தாங்கும் குதிரை என்ற கட்டைக்கும் நடுவில் ஒரு நூல் இழை இருக்கிறது, அதை இம்மி நகர்த்தினால் நாதம் விரிகிறது, கொஞ்சம் தள்ளிப்போனால் சுருங்கிவிடுகிறது. இருபது வருஷமாகக் கச்சேரி கேட்கிறேன், அந்த நூலை நான் பக்கத்தில் பார்த்தது அன்றுதான்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் அண்ணன் பின்னாலிருந்து மெதுவாக வந்து என் காதில் கேட்டார்: "தோடி பாடுவாங்களா தம்பி?"

எனக்குச் சுருக்கென்றது. பட்டியலில் தோடி இருந்தது. நான்தான் அடித்திருந்தேன். கனமான ராகம், அதில் காந்தாரம் என்ற ஸ்வரம் ஓரிடத்தில் நிற்காமல் அசைந்துகொண்டே இருக்கும், முதன்முறை வருபவர்கள் தாங்க மாட்டார்கள் என்று பாடகியிடம் சொல்லி எடுத்துவிட்டேன். இப்போது தோடியைக் கேட்டவர் கல்யாணத்துக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கி கட்டுகிறவர். அவருடைய அப்பா சின்ன வயதில் நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைச் சுவாமி புறப்பாட்டில், தெருவில் நின்றபடியே விடிய விடியக் கேட்டவராம். வீட்டில் அந்தப் பேச்சு வராத நாளே கிடையாதாம். "நான் முழுசா உக்காந்து கேட்டதே இல்ல. நம்ம வேலை எப்பவும் மிக்சர் பெட்டி பக்கத்துலதான்" என்றார்.

பாடகி தோடியை எடுத்தார். பாட்டுக்கு முன்னால் ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனையே இருபது நிமிஷத்துக்கு மேல் போனது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அண்ணன் தூணில் சாய்ந்து, துண்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே கேட்டார்.

புது ரசிகர்கள், புது ரசிகர்கள் என்று நாம் எப்போதும் பேசுகிறோம். யார் புதியவர்? ராஜரத்தினம் பிள்ளை 1956இல் காலமானார். அவரை டிக்கெட் எடுக்காமல் தெருவில் நின்று கேட்டவர்களின் பிள்ளைகளும் பேரன் பேத்திகளும்தான் இன்று நமக்குப் புதியவர்களாகத் தெரிகிறார்கள். அவர்கள் இந்த இசையை விட்டுப் போகவில்லை. இசைதான் தெருவை விட்டு ஏறிப்போய்க் கதவு போட்ட அரங்குக்குள் உட்கார்ந்துகொண்டது.

மாற்றம் வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்று நாம் கேட்கும் கச்சேரி முறையே பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கேட்பவர்களை மனதில் வைத்து வகுத்ததுதான். பாடுவது கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்ற குரல் வலுத்துத்தான் 1943இல் தமிழிசைச் சங்கமே பிறந்தது. அவர்கள் யாரும் ஜனங்களுக்குத் தாங்காது என்று ராகத்தை ஒளித்துவைக்கவில்லை. நான் ஒளித்துவைத்தேன். அதற்காக அன்று வந்திருந்த எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி நம் கச்சேரிகள் தரையில்தான் நடக்கும். முட்டி வலிக்கிறவர்களுக்கு ஓரத்தில் நாற்காலி உண்டு. பாட ஆரம்பிக்கும் முன் கால்மணி நேரம் வாத்தியங்களைக் கிட்ட வந்து பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம், எது வேண்டுமானாலும் கேட்கலாம். பாட்டின் பொருளை இரண்டே வரியில் சொல்லிவிட்டுத்தான் பாடுவார்கள். கனமானது என்று எந்த ராகத்தையும் நான் இனிமேல் பட்டியலிலிருந்து நீக்க மாட்டேன். இது உங்கள் முன்னால் நான் கொடுக்கும் வாக்கு.

கச்சேரி முடிந்து அண்ணனுக்குப் பணம் கொடுக்கப் போனேன். வண்டி வாடகையை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மைக் ஓடாத நாளுக்குக் காசு எதற்கு என்றார். அடுத்த மாதக் கச்சேரிக்கும் அவரைக் கூப்பிட்டிருக்கிறேன்.

"தரையில உக்காந்து பாடினா மைக்கே வேண்டாமே தம்பி. நான் எதுக்கு?"

"உக்காந்து கேக்கறதுக்கு" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். வீட்டிலிருந்து அம்மாவையும் கூட்டி வரலாமா என்று கேட்டார்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்களில் ஒருவன்