வராத சாலைக்காகப் போன வீடுகள்: வார்விக் நினைவுக் காட்சிக்கு இன்னும் 86,400 ராண்ட் வேண்டும்

முருகன் துணை

அன்புடைய பெரியோர்களே, அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், வார்விக் பகுதியில் குடியிருந்த, அங்குள்ள மார்க்கெட்டுகளில் உழைத்த தமிழ்க் குடும்பங்களின் சார்பில் எங்கள் குழு இதை எழுதுகிறது. நேரம் குறைவாக இருப்பதால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். செப்டம்பர் 30-க்குள் அச்சகத்துக்கு முன்பணம் கட்டியாக வேண்டும். தவறினால் அவர்கள் கொடுத்திருக்கும் விலை செல்லாது, நம் முன்னோர் வந்திறங்கிய நாளான நவம்பர் 16-க்குள் காட்சிப் பலகைகளும் தயாராகாது. மொத்தச் செலவு 2,34,000 ராண்ட். உங்கள் புண்ணியத்தில் இதுவரை சேர்ந்தது 1,47,600. மீதி 86,400-க்காகத்தான் உங்கள் வாசலில் நிற்கிறோம்.

வார்விக் வழியாக ஒரு ஃப்ரீவே, அதாவது விரைவுச் சாலை, வரப்போகிறது என்று பல வருடங்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் அது வரவில்லை. அதன் கதையை, அந்தத் தெருக்களில் வாழ்ந்தவர்களின் வாயாலேயே பதிவு செய்து, பழைய வரைபடங்களோடும் படங்களோடும் தமிழ், ஆங்கிலம், ஜூலு மூன்றிலும் காட்சியாக வைக்கப் போகிறோம். முதலில் வார்விக்கில், அப்புறம் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் கோயில் மண்டபங்களில்.

1860 நவம்பர் 16-ம் தேதி ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு டர்பன் துறைக்கு வந்ததை நம் வீட்டுச் சின்னப் பிள்ளையும் சொல்லும். 1911 வரை அப்படி ஒப்பந்தத் தொழிலாளிகளாக வந்தவர்கள் 1,52,000-க்கும் மேல். கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடிந்ததும் பலர் ஊர் திரும்பவில்லை. ஸ்பிரிங்ஃபீல்டு, கேட்டோ மேனர், கிளேர்வுட் பக்கம் துண்டு நிலம் குத்தகைக்கு எடுத்துக் கத்தரி, வெண்டை, கீரை, கொத்தமல்லி என்று போட்டார்கள். டர்பன் நகரம் சாப்பிட்ட காய்கறியில் எவ்வளவோ நம் முன்னோர் கையால் விளைந்தது. இதைச் சொல்லும்போது எங்களுக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

அந்தக் காய்கறி விக்டோரியா தெருவில் விடியுமுன் வந்து இறங்கும். 1910-ல் அங்கே ஸ்குவாட்டர்ஸ் மார்க்கெட் அமைந்தது. 1934-ல் அது வார்விக் அவென்யூவுக்கு மாறியது. இன்றும் நாம் எர்லி மார்னிங் மார்க்கெட் என்று அழைப்பது அதைத்தான். தெருக்களின் பெயர்கள் மாறிவிட்டன. வார்விக் அவென்யூ இப்போது ஜூலியஸ் நைரேரே அவென்யூ, விக்டோரியா தெரு இப்போது பெர்த்தா ம்கீஸே தெரு. பெரியவர்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது என்பதால் இந்த வேண்டுகோளிலும் அப்படியே எழுதியிருக்கிறோம்.

மார்க்கெட்டைச் சுற்றி ஒரு உலகமே இருந்தது. கும்பகோணம் பக்கத்து வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் இந்திய அரசின் ஏஜென்டாக இங்கே இருந்த காலத்தில் முயற்சி எடுத்து உருவான சாஸ்திரி கல்லூரி பக்கத்தில். நம் பிள்ளைகள் பந்து விளையாடியதும், பிற்காலத்தில் அரசியல் கூட்டங்கள் திரண்டதுமான கரீஸ் ஃபவுண்டன் மைதானம் பக்கத்தில். புரூக் தெரு இடுகாட்டில் பாட்ஷா பீர் அடங்கிய தர்கா. அவரும் ஒப்பந்தத் தொழிலாளியாக வந்தவர் என்பதால், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு அங்கேயும் ஒரு கும்பிடு போட்டு வந்த தாய்மார்கள் நம் குடும்பங்களில் உண்டு. வார்விக் முக்கோணம் என்று சொல்லும் குடியிருப்புப் பகுதியில் இந்தியர், கலர்டு என்று அழைக்கப்பட்ட கலப்பினத்தார், ஆப்பிரிக்கர், வெள்ளையர் எல்லாரும் அடுத்தடுத்த வீடுகளில் இருந்தார்கள். அன்றைய ஆட்சிக்கு அது கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தியது.

1950-ல் குரூப் ஏரியாஸ் சட்டம் வந்தது. எந்த இனத்தார் எங்கே இருக்கலாம் என்று அரசே வகுத்தது. அதனால் கேட்டோ மேனர் காலியானதும், நம்மவர்களைக் குடியமர்த்தச் சாட்ஸ்வொர்த் உருவானதும் உங்களுக்குத் தெரியும், அதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம், எழுதியிருக்கிறோம். வார்விக்கில் அந்தச் சட்டத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கார்கள் பெருகிய காலம். உலகம் முழுக்க நகரங்களின் நடுவே உயரத்தில் ஃப்ரீவே போடுவதுதான் முன்னேற்றம் என்று திட்டமிடுவோர் நம்பினார்கள். டர்பனிலும் மேற்கிலிருந்து வரும் பெருஞ்சாலையை நகருக்குள் கொண்டுவந்து சுற்றிவிடும் திட்டம் வந்தது. அது வரும் வழியில் வார்விக் இருந்தது.

வரைபடத்தில் இப்படி ஒரு கோடு விழுந்தால் என்ன நடக்கும் என்று இளையவர்களுக்குத் தெரியாது. புல்டோசர் மறுநாளே வராது. முதலில் வங்கி கடன் தர மறுக்கும். நாளைக்கு இடிக்கப்போகும் வீட்டுக்கு யார் கூரை மாற்றுவார்கள்? வீட்டுக்காரர் பழுதுபார்ப்பதை நிறுத்துவார், வாடகைக்கு இருப்பவர் வேறு இடம் பார்ப்பார். நகராட்சி ஒவ்வொரு வீடாக வாங்கி இடித்துக் காலி மனையாகப் போட்டு வைக்கும். காலி மனையில் குப்பை சேரும். அப்புறம் இந்தப் பகுதியே பாழடைந்துவிட்டது என்று அறிக்கை எழுதுவார்கள். பாழாக்கியது அந்தக் கோடுதான் என்று அறிக்கையில் இருக்காது. எங்களிடம் பேசிய பெரியவர்கள் பெரும்பாலும் இடித்த நாளைவிட, காத்திருந்த வருடங்களைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். ஒரு அம்மா சொன்னார்: "ஒவ்வொரு தீபாவளிக்கும் சுண்ணாம்பு அடிக்கலாமா வேண்டாமா என்றே எங்கள் வீட்டில் சண்டை."

சாலை என்ன ஆயிற்று? தூண்கள் எழுந்தன, கொஞ்சம் தளமும் போட்டார்கள். அதற்கு மேல் அது போகவில்லை. புரூக் தெருப் பக்கம் மேம்பாலத்தின் துண்டுகள் எங்கேயும் போய்ச் சேராமல் வருடக்கணக்கில் நின்றன.

1994-ல் இனவெறி ஆட்சி முடிந்த பிறகு நிலைமை மாறியது. ரஸ்ஸல் தெரு நடைபாதையில் மழையிலும் வெயிலிலும் உட்கார்ந்து முத்தி என்னும் ஜூலு நாட்டு மருந்து, வேர், பட்டை விற்ற ஜூலு தாய்மார்களுக்கு இடம் தேவைப்பட்டது. வார்விக் சீரமைப்புப் பணியின் பகுதியாக, 1990-களின் கடைசியில், அந்தக் கைவிடப்பட்ட பாலத்தின் மேலேயே மூலிகைச் சந்தை அமைந்தது. நடைபாலங்களால் மற்ற மார்க்கெட்டுகளோடு இணைத்தார்கள். வெளிநாட்டுக் கட்டடக் கலைஞர்கள் வந்து பார்த்து வியக்கிறார்கள். அந்தத் தாய்மார்களின் உழைப்புக்குக் கிடைத்த மரியாதை அது, எங்களுக்கும் மனநிறைவுதான். ஆனால் வந்து பார்ப்பவர்களுக்குப் பாலத்தின் கதை மட்டும் தெரிகிறது. அந்தப் பாலத்துக்கு வழிவிட்டுப் போன தெருக்களின் கதையைச் சொல்ல அங்கே ஒரு பலகைகூட இல்லை.

கேப் டவுனைப் பாருங்கள். அங்கே ஃபோர்ஷோர் ஃப்ரீவே 1977-ல் பாதியில் நின்றது. அந்தரத்தில் முடியும் அந்த முனையில் படப்பிடிப்பு நடக்கிறது, சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கிறார்கள், பொறியாளர் கணக்குத் தப்பிவிட்டது என்று கட்டுக்கதைகூட உலாவுகிறது. அதை என்ன செய்யலாம் என்று 2016-ல் நகராட்சி யோசனைகள் கேட்டு, 2018-ல் அந்த முயற்சியையும் ரத்து செய்தது. ஊரே அதைப் பற்றிப் பேசுகிறது. நம்முடையதைப் பற்றி நாமே பேசுவதில்லை.

பேசாமல் இருந்தால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு 2009-ஐ நினைவூட்டுகிறோம். 2010 உலகக் கோப்பைக்கு முன்னால் எர்லி மார்னிங் மார்க்கெட்டை இடித்து மால் கட்டும் திட்டம் வந்தது. காய்கறிக் கடைக்காரர்களும் வண்டி இழுக்கும் தொழிலாளர்களும் தெருவில் இறங்கினார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். 2011-ல் திட்டம் கைவிடப்பட்டது. எங்கள் கணிப்பில் அந்த வெற்றிக்கு ஒரு முக்கியக் காரணம், மார்க்கெட்டுக்கு நூறு வயது என்று ஆதாரத்தோடு சொல்ல முடிந்தது. வார்விக் முக்கோணத்து வீடுகளுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

சரி, கணக்குக்கு வருவோம். பெரியவர்களின் குரல் பதிவுக்கும் தொகுப்புக்கும் 48,000. பழைய வரைபடங்கள், படங்களைப் பிரதி எடுக்கவும் உரிமைக் கட்டணத்துக்கும் 27,500. மூன்று மொழியில் எழுதித் திருத்த 22,000. பலகைகள் அச்சிட்டு இரும்புச் சட்டத்தில் பொருத்த 96,000. இதுதான் பெரிய தொகை, இதில் பாதியைத்தான் செப்டம்பர் 30-க்குள் கேட்கிறார்கள். இடவாடகை, லாரி, இரவுக் காவல் 31,500. காப்பீடு 9,000. குழுவில் யாரும் ஒரு சென்ட்கூட எடுத்துக்கொள்வதில்லை. பெட்ரோலும் அவரவர் கைக்காசுதான்.

கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? முதல் 10,000 ராண்டைத் தங்கள் ஓய்வூதியத்திலிருந்து எடுத்து, பெயர் போடவே கூடாது என்று சொல்லிக் கொடுத்த சாட்ஸ்வொர்த் ஆசிரியைச் சகோதரிகளை முதலில் வணங்குகிறோம். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிய நாளில் முறுக்கும் வடையும் சுட்டு விற்று, எண்ணெய் மாவுச் செலவுகூட கழிக்காமல் 8,350 ராண்டை அப்படியே கொண்டுவந்து வைத்த பெண்கள் பூசைக் குழுவுக்கு நன்றி. மார்க்கெட்டில் நான்கு தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பங்கள் தினசரி விற்பனையிலிருந்து ஒதுக்கித் தந்தன. ஒரு லாரிக்காரர் பணம் இல்லை, ஆனால் மூன்று இடத்துக்கும் சாமானை நானே ஏற்றி இறக்குகிறேன், டீசல் மட்டும் போடுங்கள் என்றார். புரூக் தெருவில் முன்பு கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பம், எங்கள் தாத்தா சாமானும் உங்கள் தாத்தா சாமானும் ஒரே வண்டியில்தான் வந்தது என்று சொல்லி 15,000 தந்தது. பாலத்தின் மேல் மூலிகை விற்கும் தாய்மார்கள், கேட்காமலே, ஒரு துணியில் சில்லறை முடிந்து அனுப்பினார்கள். அந்த முடிச்சைப் பொருளாளர் அவிழ்த்தபோது நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். இவர்கள் எல்லோருடைய குடும்பத்தையும் அந்த வேலவன் நன்றாக வைத்திருக்கட்டும்.

இனி சொல்வதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சென்ற தைப்பூசத்தன்று கோயில் மண்டபத்தில் 61 குடும்பங்கள் எழுந்து நின்று தொகை சொன்னார்கள். சாமி முன்னால், காவடி இறக்கிய கையோடு சொன்ன வார்த்தை. அதில் 38 குடும்பங்கள் கொடுத்துவிட்டார்கள். மற்ற 23 குடும்பங்கள் சொன்னதைக் கொடுத்தாலே 41,500 ராண்ட் வந்துவிடும். கஷ்டத்தில் இருப்பவர்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், உங்கள் பெயரை யாரும் வாசிக்க மாட்டோம். வசதி இருந்தும் மறந்தவர்களுக்கு நாங்கள் ஞாபகப்படுத்தத்தான் வேண்டும். கல்யாண மேடையில் ஒரு ராத்திரி நிற்கும் பூ அலங்காரத்துக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்று நமக்கே தெரியும்.

பெர்த், டொராண்டோ, லண்டன் என்று போய்விட்ட பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். உங்கள் ஆயா விடியற்காலை இரண்டு மணிக்குக் கீரைக்கட்டைத் தலையில் வைத்து நடந்து, அதில் வந்த காசில்தான் உங்கள் அப்பா படித்தார். டர்பன் வரும்போதெல்லாம் மார்க்கெட்டில் நின்று படம் எடுத்துப் போடுகிறீர்கள், அது சந்தோஷம். அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்த தெரு எங்கே என்று உங்கள் பிள்ளை கேட்டால் காட்ட ஒன்று வேண்டாமா? அப்பா அம்மா திதிக்கு ஆள் வைத்துச் சாப்பாடு போடுவதுபோல இதுவும் அவர்களுக்குச் செய்யும் கடன் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

பணத்தைவிட அவசரம் இன்னொன்று. பதிவு செய்ய 30 பெரியவர்களின் பட்டியல் போட்டோம். பட்டியல் போட்ட பிறகு இருவர் இறைவனடி சேர்ந்துவிட்டார்கள். இன்னும் ஒன்பது பேர் மீதி இருக்கிறார்கள், அதில் மூத்தவருக்கு 94 வயது. வார்விக் வீட்டின் வரி ரசீது, நகராட்சி அனுப்பிய நோட்டீஸ், வாசலில் நின்று எடுத்த குடும்பப் படம் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். பிரதி எடுத்துவிட்டு அன்றே திருப்பித் தருவோம். அழுக்காக இருக்கிறது, கிழிந்திருக்கிறது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நன்கொடையை ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்ததும் கோயில் அலுவலகத்தில் எங்கள் பொருளாளரிடம் நேரில் கொடுக்கலாம். வங்கி வழி அனுப்புகிறவர்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் உள்ள கணக்கு விவரத்தைப் பார்த்து, உங்கள் குடும்பம் இருந்த தெருவின் பெயரைக் குறிப்பாக எழுதுங்கள். காட்சியில் தெருவாரியாகத்தான் பெயர்கள் வரும், தொகை போட மாட்டோம். 50 ராண்ட் கொடுத்தாலும் ரசீது உண்டு. ரசீது வாங்காமல் போகாதீர்கள். செப்டம்பர் 30 மாலை கணக்கை முடித்து, வந்தது எவ்வளவு, யாருக்குக் கட்டினோம் என்று அந்த வாரமே மண்டபப் பலகையில் ஒட்டுவோம்.

இப்படிக்கு,
வார்விக் பழைய குடும்பங்களின் குழு, டர்பன்