நைனின் வயல்கள்

அன்புள்ள மகளுக்கு,

உன் அப்பாவின் அம்மா நைனின் வீட்டைக் காலி செய்தபோது அலமாரியில் கிடைத்த நீல அட்டை நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருந்தாய். உன் அப்பாவாலும் அத்தைகளாலும் அதை வாசிக்க முடியாது. அவர்கள் பிறந்து வளர்ந்த, வேல்ஸின் லீன் தீபகற்பத்துப் பண்ணையின் வயல்களுக்கு வழங்கிவந்த வெல்ஷ் பெயர்கள், அந்த ஊரில் எவருக்கும் தெரியாத தமிழ் எழுத்தில் அதில் கிடக்கின்றன. உனக்குத் தமிழ் படிக்கத் தெரியும் என்பதால் இந்தக் கடிதத்தையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

மருமகளாகச் சென்ற முதல் சில ஆண்டுகளில் வெல்ஷ் எழுத்துக்கூட்டல் எனக்குப் பிடிபடவில்லை. நைன் சமையலறை மேசையில் பாரா ப்ரித் என்னும் பழ ரொட்டி செய்வதற்காக உலர் திராட்சையைத் தேநீரில் ஊறப்போட்டுக்கொண்டே ஒவ்வொரு வயலின் பெயராகச் சொல்வார். நான் காதில் விழுந்தபடி எழுதிக்கொள்வேன். வயலுக்கு வெல்ஷில் 'காய்' என்று பெயர். கிணற்றடி வயல் காய் ஃபனன், சுண்ணாம்புக் காளவாய் இருந்த வயல் காய் ஓடின், கடைக்கோடியில் இருந்தது காய் பெல்லா. ஒருமுறை ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் எந்த ஊர்க் காய்கறி என்று கேட்டார். நைனுக்கு அதை விளக்கிச் சொன்னபோது அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

காளவாய் வயல் என்ற பெயருக்குப் பின்னால் கடல் இருக்கிறது. புளித்த மண்ணைத் திருத்தச் சுண்ணாம்புக்கல் கப்பலில் வந்து இறங்கும். கரையோரக் காளவாய்களில் அதைச் சுட்டு வயலில் இடுவார்கள். நைனின் தாய்வழியார் நெவினைச் சேர்ந்தவர்கள். அந்த ஊரின் சின்னத்திலேயே மூன்று ஹெர்ரிங் மீன்கள் உண்டு. விடுதிக்காரனைப் போன்ற வயிறும் விவசாயியைப் போன்ற முதுகும் கொண்ட நெவின் மீன்கள் என்று கூவி விற்ற பழைய கூவலை, தன் தாயிடம் கேட்ட ராகத்திலேயே நைன் கூவிக் காட்டுவார். பதநீர் விற்பவர்களின் குரல் எனக்கு உடனே நினைவுக்கு வரும்.

நைனுக்கு ஆறு வயதாக இருந்தபோது நடந்த ஒன்றை மட்டும் அவர் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பயிற்சிப் பள்ளிக்காக, என்லித் தீவுக்குச் சென்ற யாத்திரிகர்கள் தங்கிப் போனதாகச் சொல்லப்படும் பென்-அ-பெர்த் என்னும் பழைய பண்ணை வீடு இடிக்கப்பட்டது. 1936 செப்டம்பர் 8 விடியற்காலையில், அதை எதிர்த்து, வெல்ஷ் தேசியவாதிகளான சாண்டர்ஸ் லூயிஸ், லூயிஸ் வாலன்டைன், டி. ஜே. வில்லியம்ஸ் ஆகிய மூவரும் அங்கே தீ வைத்துவிட்டு, தாமே புல்ஹெலி காவல் நிலையத்துக்குச் சென்று அதை ஒப்புக்கொண்டார்கள். கெர்னார்வனில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வராததால் வழக்கு லண்டனுக்கு மாற்றப்பட்டது. அங்கே ஒன்பது மாதச் சிறை விதித்தார்கள். அந்த நாட்களில் தம் வீட்டுப் பெரியவர்கள் சாப்பாட்டு மேசையில் ஒருவரோடொருவர் பேசாமல் இருந்தது நைனின் நினைவில் இருந்தது. யார் எந்தப் பக்கம் என்று நான் பலமுறை கேட்டும் அவர் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் காலையும் மாலையும் சேப்பல். பிள்ளைகள் ஆளுக்கொரு வேத வசனம் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். ஆயத்தமில்லாத பிள்ளைகள் 'லோத்தின் மனைவியை நினைத்துக்கொள்ளுங்கள்' என்ற குட்டி வசனத்தோடு தப்பிப்பார்கள், உன் அப்பாவும் அவர்களில் ஒருவர். வேல்ஸில் 1881ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த ஞாயிறு மதுக்கடை அடைப்பை 1996 வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த கடைசி வட்டாரம் அவர்களுடைய டுயிவோர்தான். உன் தாத்தா டைட் மட்டும் சில ஞாயிறு மாலைகளில் ஆடு பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வட்டார எல்லையைத் தாண்டிக் கார் ஓட்டுவார். எந்த ஆடு என்று நைன் கேட்டதே இல்லை.

அக்கம்பக்கத்து வீடுகள் விடுமுறைக்கு மட்டும் வருபவர்கள் கைக்கு மாறியபோது பெயர்ப்பலகைகளும் மாறின. இரண்டாம் வீடுகளுக்கு அந்தப் பகுதியின் க்வினெத் கவுன்சில் 2023 முதல் 150% கூடுதல் வரி விதிக்கிறது. அது நியாயமென்றே நான் நினைக்கிறேன். ஆனால் வீட்டுப் பெயரையாவது பலகையில் பார்க்கலாம், வயலின் பெயர் உழுதவர் வாயில் மட்டுமே இருந்தது. நைன் இரவு தூக்கம் வராதபோது அந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பார்ப்பாராம்.

வாசிக்கும்போது ஒன்றைக் கவனி. வெல்ஷின் இரட்டை 'டி'க்கு நம் 'அது' என்பதில் வரும் தகரம் அப்படியே பொருந்தும். இரட்டை 'எல்'லுக்குத் தமிழில் எழுத்தில்லை; லகரத்தின் கீழே கோடிட்ட இடங்களில் நாக்கை மேலண்ணத்தில் வைத்துக் காற்றை ஊது. பதினேழாம் பக்கத்தில் பாதியில் நிற்கும் பெயர் என் தவறு. கெட்டில் கூவியதில் காதில் சரியாக விழவில்லை, மறுபடி கேட்க வெட்கப்பட்டேன். ஓடைக்கு அப்பால் இருக்கும் முக்கோண வயல் அது. பக்கத்துப் பண்ணைப் பெரியவர் இன்னும் நடமாட்டத்தோடு இருக்கிறார். கோடைக்குள் போய்க் கேட்டு, நோட்டிலேயே எழுதிவிடு.

அன்புடன்,
அம்மா