எரிபொருள் கலவை: ஒரே எண் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கார் எஞ்சினின் எரிபொருள் கலவையைக் கணினிப் பதிவுகளைக் கொண்டு சீராக்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை பயனுள்ளதே, ஆயினும், 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற எடை விகிதத்தை எல்லா நிலைக்கும் உரிய இலக்காக அது காட்டியிருப்பது சரியன்று. சீரான வேகத்தில் அது பொருந்தும். ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்தும்போதோ, டர்போ இல்லாத எஞ்சினுக்குக்கூட ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 12.5 முதல் 13 பங்கு வரை காற்றுள்ள செறிவான (பெட்ரோல் கூடுதலான) கலவை தேவைப்படும், அங்கும் 14.7-ஐப் பிடித்துக்கொண்டிருந்தால் வெப்பம் ஏறி, நாக்கிங் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்து எரிதல்) ஏற்பட்டு, பிஸ்டனே சேதமடையலாம்.

பதிவைப் படிப்பதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. ஐடிலிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும்போது) எரிபொருள் திருத்தம், அதாவது கணினி தானாகக் கூட்டும் அல்லது குறைக்கும் பெட்ரோல் அளவு, +15 சதவீதமாகவும், நிமிடத்துக்கு 2,500 சுற்றுகளில் +2 சதவீதமாகவும் இருந்தால், பெரும்பாலும் இன்டேக் மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் குழாய்த் தொகுதி) பக்கம் காற்று உள்ளே கசிகிறது என்று பொருள். மாறாக, சுமை ஏற ஏறத் திருத்தமும் உயர்ந்தால் எரிபொருள் பம்ப், ஃபில்டர், காற்றளவு சென்சார் ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். பழுதை அப்படியே விட்டுவிட்டு மேப்பில் (கணினியின் எரிபொருள் அளவு அட்டவணையில்) எண்களைக் கூட்டுவது, ஓட்டைப் பானையில் நீர் நிரப்புகிற வேலை. ஒரு ஸ்பார்க் பிளக் சரியாகப் பற்றாதபோதும், எரிதலில் பயன்படாத ஆக்சிஜன் வெளியேறுவதால், பெட்ரோல் குறைவு என்றே புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் சொல்லும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் ஆபத்து. (கட்டுரை இதைத் தொடவே இல்லை.)

எஞ்சின் முழுமையாகச் சூடேறிய பிறகு எடுத்த பதிவையே கணக்கில் கொள்ள வேண்டும் என்பதையும் அடுத்த கட்டுரையில் சேர்க்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாகனத் தொழில்நுட்பப் பயிற்றுநர் ஒருவர்