மலை இறங்கும் முட்டிக்கு

சுவாமிமலை,
பங்குனி மாதம்.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். போனில் சொன்னால் "சரிப்பா" என்று வைத்துவிடுவாய், எழுத்தென்றால் திரும்பப் படிக்கலாம் என்பதால் எழுதுகிறேன்.

செப்டம்பரில் கொலராடோ மலைக்கு வில்லோடு எல்க் மான் வேட்டைக்குப் போகப்போவதாகச் சொன்னாய். மாடிப்படி இறங்கும்போது வலது முட்டி வலிக்கிறது, எக்ஸ்ரேயில் தேய்மானம் தொடங்கியிருக்கிறது, அதனால் அதுவரைக்கும் காலுக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்றும் சொன்னாய். வேட்டையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அந்த ஓய்வைப் பற்றித்தான் கவலை.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. மூட்டுக்குள் ஊறும் நீர்தான் அதற்குச் சாப்பாடு. பாரம் விழும்போது அழுந்தி, பாரம் நீங்கும்போது விரிந்து, அப்படித்தான் அந்த நீர் உள்ளே போய் வருகிறது. அசையாத முட்டிக்கு அது குறையும். அதோடு தொடைத் தசையும் இளைக்கும். தசை இளைத்தால் அது தாங்கவேண்டிய பாரமும் மூட்டின் தலையில்தான் விழும். எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிகிறவர்கள் எல்லோருக்கும் வலி இருப்பதில்லை. வலியோடு இருக்கிற சிலருக்கு எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரிவதும் இல்லை. அந்தப் படத்தை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நீ சின்ன வயதில் ஓடி ஏறிய நம் கட்டுமலைக் கோயிலில் நான் இன்றும் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். பிரபவ தொடங்கி அட்சய வரை தமிழ் வருடப் பெயர் கொண்ட 60 படிகள். வயதானவர்கள் மூச்சு வாங்கினாலும் முருகா முருகா என்று ஏறிவிடுகிறார்கள். இறங்கும்போதுதான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வருகிறார்கள். ஏறுவதற்கு மூச்சு வேண்டும். இறங்குவதற்குத் தொடை வேண்டும். ஏறும்போது தொடையின் முன் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பு விழாமல் பிடித்து நிறுத்துகிறது. கஷ்டமான வேலை இந்த இரண்டாவதுதான். மலைக்குப் போய்வந்த மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை பிடித்துக்கொண்டு உட்கார முடியாமல் போவது இதனால்தான்.

உன் விஷயத்தில் இறக்கம் வெறும் இறக்கமாகவும் இருக்காது. எல்க் கிடா 300 கிலோவுக்கு மேல் நிற்கிற மிருகம். அதன் பின்தொடை ஒன்று எலும்போடு 30 கிலோ வரும் என்று நீதான் சொன்னாய். நம் நெல் கொள்முதல் நிலையத்தில் கட்டுகிற 40 கிலோ சிப்பத்தில் முக்கால் பங்கு. அதை முதுகில் கட்டிக்கொண்டு, பாதையில்லாத சரிவில், விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டி இறங்கவேண்டும். தின்னக்கூடிய கறியைக் காட்டில் வீணாக விட்டுவருவது அங்கே சட்டப்படி குற்றம் என்றாய். நல்ல சட்டம். ஆனால் அதனால் அந்தச் சுமையிலிருந்து நீ தப்பிக்கவும் முடியாது. எனவே மலை ஏறுவதற்குத் தயார் செய்யாதே, தம்பி. சுமையோடு இறங்குவதற்குத் தயார் செய்.

நீ பிறந்த ஊரும் மேடில்லாத ஊர், பிழைக்கப் போன ஹூஸ்டனும் மேடில்லாத ஊர். அதைக் காரணமாகச் சொல்லாதே. இங்கே எனக்குக் கோயில் படியும் ஆற்றுப் படித்துறையும் இருப்பதுபோல, உனக்கு ஆபீஸ் மாடிப்படியும் கார் நிறுத்தும் கட்டடமும் இருக்கின்றன.

முதல் மாதம் முட்டியைச் சமாதானப்படுத்துகிற மாதம். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்தமாதிரி பாதி அளவுக்கு இறங்கி, 30 முதல் 45 விநாடி அப்படியே நில். ஐந்து தடவை. மூட்டு அசையாமலே தசை வேலை செய்யும், பலருக்கு வலியும் தணியும். பிறகு ஒரு காலை நீட்டிப் பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்குவது, கெண்டைக்காலுக்குக் குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குவது. இடுப்பின் பக்கத் தசை தளர்ந்திருந்தால் படியிறங்கும்போது முட்டி உள்பக்கமாக மடங்கும். கபடிப் பையன்களைப் பழக்கிய வருஷங்களில் முட்டி வலி என்று வந்தவனிடம் நான் முதலில் பார்த்தது இதைத்தான்.

இரண்டாம் மாதத்திலிருந்து முக்கியமான பயிற்சி. ஒரு சாண் உயரத்துக்கும் குறைவான படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நில். மற்ற காலை முன்னால் விட்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டே குதிகால் தரையைத் தொடும்வரை இறங்கு. தொட்டதும் மேலே வா. நிற்கிற காலின் முட்டி, பாதத்தின் இரண்டாவது விரலுக்கு நேராகவே இருக்கவேண்டும். ஒரு காலுக்கு எட்டு, மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். வேகமாகச் செய்தால் ஒரு பயனும் இல்லை. நான்கு எண்ணும் அந்த நிதானத்தில்தான் மலையிறக்கம் இருக்கிறது. தசை சில வாரத்திலேயே தெம்பாகிவிடும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் நாணுக்கு மாதங்கள் ஆகும். பலம் வந்ததென்று நினைத்து ஒரேயடியாகக் கூட்டினால் அது நோகும்.

அதன் பிறகு முதுகுப்பை. ஐந்து கிலோவில் ஆரம்பித்து வாரத்துக்கு இரண்டு கிலோ ஏற்று. தண்ணீர் கேன்களை வைத்துக் கட்டடத்தில் ஏறு. ஆரம்பத்தில் மேலே போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் பையோடு இறங்கு. ஆடி மாதம் வந்தபிறகு நிறைத்தே இறங்கு. மலையில் போடப்போகிற அதே பூட்ஸைப் போட்டுக்கொள். போவதற்குப் பத்து நாள் முன்னால் பாரத்தையெல்லாம் குறைத்துவிடு.

மறுநாள் காலைக்குள் தணிந்துவிடுகிற லேசான வலி பரவாயில்லை. முட்டி வீங்கினால், மடக்கினால் சிக்கிக்கொண்டால், நிற்கும்போது நழுவினால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மலை ஏறும் பழக்கம் வேண்டாம். உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கும்போது அது சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

எடையையும் சொல்லியாகவேண்டும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் ஏறக்குறைய நான்கு கிலோ பாரம் குறைகிறது. பயிற்சி எதுவும் தராத லாபம் அது. ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் பார்த்துக்கொள்.

ஹூஸ்டனிலிருந்து நேராக மூவாயிரம் மீட்டரில் போய்ப் படுக்காதே. அங்கே ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு முப்பது சதவீதம் குறைவு. டென்வரில் ஒரு ராத்திரி, இன்னும் உயரத்தில் ஒரு ராத்திரி தங்கிப் போ. தலைவலியும் குமட்டலும் அதிகமானால் மானை மறந்துவிட்டுக் கீழே இறங்கு.

ஊன்றுகோல் இரண்டு வாங்கு. ஒன்று போதாது. இறங்கும்போது நீளத்தைக் கூட்டிக்கொண்டு, முட்டியைக் கொஞ்சம் மடக்கியே வைத்து, சின்னச் சின்ன அடியாக வா. மூட்டை தூக்குகிறவர்கள் லாரிப் பலகையில் நடப்பதைப் பார்த்திருக்கிறாய். யாராவது காலை நீட்டி எட்டி வைக்கிறார்களா? இல்லை. ஒரே நடையில் தூக்கிவிடலாம் என்கிற கூட்டாளி பேச்சையும் கேட்காதே. பாதிச் சுமையோடு இரண்டு நடை போ.

எல்லாவற்றையும்விட நான் கெட்டியாகச் சொல்ல நினைப்பது இதுதான். வில்லை எடுப்பதற்கு முன், அந்த இடத்திலிருந்து கூடாரம் வரைக்கும் உன் முட்டி எத்தனை நடை சுமந்து வரமுடியும் என்று யோசி. அடுத்த பள்ளத்தாக்கின் அடியில் எவ்வளவு பெரிய கிடா நின்றாலும் விட்டுவிடு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் பக்கம் வேட்டை என்ற பேச்சே இல்லை. உனக்கு உரிமம் கொடுத்து ஓர் அரசாங்கம் அனுமதிக்கிறது என்றால், சுமந்துவர முடியாத உயிரை வீழ்த்தாமல் இருப்பதும் அந்த உரிமத்தில் சேர்ந்ததுதான்.

அம்மா முடக்கத்தான் பொடி அனுப்புகிறாள். தோசைமாவில் கலந்து சாப்பிடு, அவளுக்கும் நிம்மதி. ஆனால் பயிற்சிக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளாதே. புரட்டாசி பிறப்பதற்குள் வேட்டையை முடித்துவிடச் சொல்லச் சொன்னாள். ஆவணியிலேயே நாள் கிடைத்தால் பார்.

இந்த வாரமே, நான் பார்ப்பதற்காக மட்டும், படியில் இறங்கும் பயிற்சியை வலது காலில் ஐந்தும் இடது காலில் ஐந்தும் செய்து வீடியோ அனுப்பு. அரைக்கால் சட்டை போட்டுக்கொள், முன்பக்கத்திலிருந்து மருமகளை எடுக்கச் சொல். முட்டி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு அடுத்ததை எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அப்பா